முதன்முறையாகப் பங்கு வாங்க விரும்புகிறேன்: எந்தக் கணக்கைத் திறப்பது?

கேள்வி: ஆலைக் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்கிறேன். பெற்றோர் இருவரும் தோட்டத் தொழிலாளர்கள்; அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார். அவசரத் தேவைக்கென ஒரு தொகையை வங்கியில் வைத்திருக்கிறேன். கொஞ்சம் அமானா சஹாம் மலேசியா என்ற யூனிட் டிரஸ்ட் நிதியிலும் இருக்கிறது. அவை இரண்டையும் தொடாமல், மாதம் 300 ரிங்கிட்டை ஒதுக்கி, நாட்டின் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகளை வாங்கி நெடுங்காலம் வைத்திருக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் பங்குச் சந்தைப் பக்கம் போனதில்லை என்பதால், கேட்டுத் தெரிந்துகொள்ள அருகில் ஆள் இல்லை.

கணக்குத் திறப்பதிலேயே குழப்பம் வந்துவிட்டது. ஈப்போவில் உள்ள ஒரு தரகு நிறுவனக் கிளையில் விசாரித்தபோது, என் பெயரிலேயே சி.டி.எஸ். கணக்கு (பங்குகள் பதிவாகி இருக்கும் மைய வைப்பகக் கணக்கு) திறக்கலாம் என்றார்கள். ஆனால் ஒவ்வொரு கொள்முதலுக்கும் அவர்கள் கேட்கும் குறைந்தபட்சத் தரகு அதிகமாகத் தெரிந்தது. கைப்பேசிச் செயலி வழியாக இயங்கும் மற்றொரு நிறுவனத்தில் தரகு மிகவும் குறைவு. ஆனால் அங்கே பங்குகள் ‘நாமினி’ கணக்கில் இருக்கும் என்கிறார்கள். நான் பணம் கொடுத்து வாங்கும் பங்கு வேறொருவர் பெயரில் இருப்பது பாதுகாப்பானதா?

அம்மாவோ, வாங்குவதாக இருந்தால் நம் தோட்டத்தை நடத்தும் கம்பெனியின் பங்கையே வாங்கு, அதைத்தான் நமக்குத் தெரியும் என்கிறார். தம்பி டெலிகிராமில் ஒரு பங்கு ஆலோசனைக் குழுவில் இருக்கிறான். முதலில் 2,000 ரிங்கிட் அனுப்பினால் அவர்களே நமக்காக வாங்கி விற்றுத் தருவார்களாம். அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. 1980களில் தோட்டத்துக்கே வந்து பணம் வசூலித்த ஒரு நிறுவனத்தின் பங்குச் சான்றிதழ் இன்னும் அவருடைய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதனால் என்ன பயன் கிடைத்தது என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை.

எந்தப் பங்கு வாங்கலாம் என்று நான் கேட்கவில்லை. கணக்கு, செலவு, பாதுகாப்பு இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

பதில்: ஈப்போ கணக்காளர்

வணக்கம் தங்கை. எந்தப் பங்கு என்பதற்கு முன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பங்கு வாங்க இரண்டு கணக்குகள் தேவை. தரகு நிறுவனத்தில் திறப்பது வர்த்தகக் கணக்கு. வாங்கவும் விற்கவும் ஆணை கொடுப்பது அதன் வழியாகத்தான். வாங்கிய பங்கு பதிவாகி இருப்பது சி.டி.எஸ். கணக்கில், அதை நடத்துவது புர்சா மலேசியாவின் வைப்பக நிறுவனம், தரகர் அதற்கு முகவர் மட்டுமே. 18 வயது நிறைந்த எவரும் மைகார்டு அடையாள அட்டையையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்து, பெரும்பாலான நிறுவனங்களில் இணையத்திலேயே இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிடலாம். சி.டி.எஸ். கணக்கு திறக்கும் கட்டணம் 10 ரிங்கிட். சில தரகர்கள் அதை வாங்குவதில்லை.

உங்கள் பெயரிலேயே சி.டி.எஸ். கணக்கு இருந்தால், நிறுவனத்தின் பங்குதாரர் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு உங்களுக்கே வரும், நீங்களே வாக்களிக்கலாம், இலாப ஈவு (நிறுவனம் தன் இலாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் தொகை) நீங்கள் பதிவு செய்த வங்கிக் கணக்கில் நேராக விழும், புதிதாகப் பட்டியலிடப்படும் நிறுவனங்களின் பொது வெளியீட்டுக்கு உங்கள் பெயரில் விண்ணப்பிக்கலாம். நாமினி கணக்கில் பதிவேட்டில் இருப்பது தரகரின் நாமினி நிறுவனத்தின் பெயர். பங்கின் பயன் உங்களுடையது. இது சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடுதான். வாடிக்கையாளர்களின் பங்குகளும் பணமும் தரகரின் சொந்தச் சொத்திலிருந்து பிரித்தே வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆகவே, உரிமம் பெற்ற தரகரிடம் நாமினி கணக்கு வைத்திருப்பதனாலேயே பங்கு பறிபோய்விடும் என்று அஞ்சத் தேவையில்லை. ஆனால் கூட்டத்தில் கலந்துகொள்ள வேண்டுமென்றால் தரகரிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். இலாப ஈவு தரகர் வழியாக வரும். உரிமைப் பங்கு வெளியீடு (ஏற்கெனவே பங்கு வைத்திருப்போருக்குப் புதுப் பங்கு விற்பது) போன்றவற்றைக் கையாளச் சில நிறுவனங்கள் தனிக் கட்டணம் வாங்குகின்றன. நெடுங்காலம் வைத்திருக்க நினைப்பவருக்கு, தரகில் பெரிய வேறுபாடு இல்லையென்றால், சொந்தப் பெயர்க் கணக்கே நல்லது என்பது என் கருத்து. தரகு வேறுபாடு பெரிதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

புர்சாவில் பங்குகள் பொதுவாக 100 அலகு கொண்ட லாட்டுகளாக வாங்கி விற்கப்படுகின்றன. ஒரு பங்கின் விலை 2 ரிங்கிட் 40 காசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாட்டுக்கு 240 ரிங்கிட். உங்கள் தரகரின் குறைந்தபட்சத் தரகு 8 ரிங்கிட் என்று கொள்வோம். இதைவிட அதிகம் வாங்குவோரும் குறைவாக வாங்குவோரும் இருக்கிறார்கள். அதன் மேல், பங்கும் பணமும் கைமாறுவதற்கான தீர்வுக் கட்டணம் 0.03 விழுக்காடு, அதாவது 7 காசு. முத்திரை வரி ஒவ்வொரு 1,000 ரிங்கிட்டுக்கும் அல்லது அதன் ஒரு பகுதிக்கும் 1 ரிங்கிட்; இந்த விகிதம் 2023 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. ஆக, 240 ரிங்கிட் பங்குக்கு 9 ரிங்கிட் 7 காசு செலவு. கிட்டத்தட்ட 3.8 விழுக்காடு வாங்கும்போதே போய்விடுகிறது, விற்கும்போது மீண்டும் அதே அளவு போகும்.

மாதம் ஒதுக்கும் 300 ரிங்கிட்டை மாதந்தோறும் செலவிடாமல் நான்கு மாதம் சேர்த்து, 500 அலகுகளை 1,200 ரிங்கிட்டுக்கு வாங்கினால் தரகு அதே 8 ரிங்கிட்தான். தீர்வுக் கட்டணம் 36 காசு, முத்திரை வரி 2 ரிங்கிட். மொத்தம் 10 ரிங்கிட் 36 காசு, அதாவது 0.9 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்படி வாங்கிய பங்கை 2.44க்கு விற்றாலும், இரு பக்கச் செலவும் சேர்ந்து உங்களுக்கு 73 காசு நட்டம், 2.45க்கு விற்றால்தான் 4 ரிங்கிட் 27 காசு கையில் நிற்கும். விலை 4 காசு ஏறியும் இலாபம் இல்லை என்பதை ஒருமுறை தாளில் எழுதிப் பார்த்தவர்கள் அடிக்கடி வாங்கி விற்பதைத் தாமாகவே குறைத்துக்கொள்வார்கள். மாதம் 300 ரிங்கிட் ஒதுக்கும் உங்களைப் போன்றவர்கள், குறைந்தபட்சத் தரகு மிகவும் தாழ்வாக உள்ள தரகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது சில மாதத் தொகையைச் சேர்த்து வாங்க வேண்டும். செயலி நிறுவனத்தையும் ஈப்போ கிளையையும் இதே முறையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு மூன்று முறைதான் வாங்குவீர்கள் என்றால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாக இருக்கக்கூடும்.

இனி ஆணை கொடுக்கும் முறை. சந்தை காலை 9 மணி முதல் 12.30 வரையும், பிற்பகல் 2.30 முதல் 5 மணி வரையும் இயங்குகிறது. கடைசிக் கால் மணி நேரம் இறுதி விலையை நிர்ணயிப்பதற்கும் அந்த விலையில் வாங்கி விற்பதற்கும் உரியது. திரையின் ஒரு பக்கத்தில் வாங்குவோர் வரிசையும் மறுபக்கத்தில் விற்போர் வரிசையும் தெரியும். வாங்குவோர் பக்கம் 2.39 என்ற விலைக்கு எதிரே 850 என்றும், விற்போர் பக்கம் 2.40க்கு எதிரே 120 என்றும் இருந்தால், பல திரைகளில் அந்த எண்கள் லாட்டுகளைக் குறிக்கும். 120 என்பது 12,000 அலகு. நீங்கள் 2.40 என்று விலை குறித்து ஆணை கொடுத்தால் அப்போதே வாங்கிவிடலாம். 2.39 என்று குறித்தால் அந்த 850 லாட்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்பீர்கள். அன்று கிடைக்காமலும் போகலாம். தொடக்கத்தில் எப்போதும் விலையைக் குறித்தே ஆணை கொடுங்கள். சந்தை விலைக்கு வாங்கு என்று திறந்துவிட்டால், வர்த்தகம் குறைவாக நடக்கும் பங்குகளில் எதிர்பாராத விலைக்கு வாங்க நேரிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எண்ணிக்கைக் கட்டத்தில் சில செயலிகள் அலகைக் கேட்கின்றன, சில லாட்டைக் கேட்கின்றன. 500 அலகு என்று நினைத்து லாட் கட்டத்தில் 500 என்று தட்டினால் அது 50,000 அலகு, 1,20,000 ரிங்கிட் ஆணை. உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் தெரியும் மொத்தத் தொகையைப் படியுங்கள்.

வாங்கிய நாளிலிருந்து இரண்டு வர்த்தக நாள்களில் பணமும் பங்கும் கைமாறும். திங்களன்று வாங்கினால் புதனன்று. முன்பணம் செலுத்தாமலே வாங்கி, பணம் கட்டும் நாளுக்கு முன் விற்று வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் ‘கொண்ட்ரா’ முறையைச் சில தரகர்கள் அனுமதிக்கிறார்கள். விலை இறங்கினால் அந்த வேறுபாட்டை நீங்கள் கட்ட வேண்டும். சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் கடனில் விழுந்த வழி அதுதான். கணக்குத் திறக்கும்போதே, பணத்தை முன்னதாகவே கட்டி வாங்கும் முன்பணக் கணக்கு மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள்.

பதில்: பெரிய கிராணி, தெலுக் இந்தான்

வணக்கம் மகளே. தோட்ட அலுவலகத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் அம்மா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தெரிந்த தொழிலில் முதலீடு செய்வது நல்ல வழக்கம். எஸ்.டி. கத்ரி, கே.எல்.கே., ஐ.ஓ.ஐ., யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் போன்ற பெரிய தோட்ட நிறுவனங்கள் புர்சாவில் பட்டியலிடப்பட்டவை. அவற்றின் ஆண்டறிக்கையைத் திறந்தால் ஹெக்டருக்கு எத்தனை டன் குலை, ஆலையில் எண்ணெய் பிழிவு விகிதம் எவ்வளவு, எந்த வயது மரங்கள் எத்தனை ஹெக்டரில் நிற்கின்றன என்ற விவரங்கள் இருக்கும். நகரத்தில் இருந்துகொண்டு அந்த அறிக்கையைப் படிப்பவருக்கு அவை வெறும் எண்கள். எடைமேடைச் சீட்டையும் அன்றாடப் பிழிவுக் கணக்கையும் கையில் வைத்து வேலை செய்யும் உங்களுக்கு, பழைய மரங்கள் அதிகமுள்ள நிறுவனம் இனி மறுநடவுக்குச் செலவிட வேண்டியிருக்கும் என்பதும், செம்பனையின் பயன்தரும் காலம் ஏறக்குறைய 25 ஆண்டுகள் என்பதும், புதுக் கன்று காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும் என்பதும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டறிக்கையைப் படிக்கப் பயப்படாதீர்கள்; நிதியாண்டு முடிந்து நான்கு மாதத்துக்குள் அது வந்துவிடும், காலாண்டு அறிக்கை இரண்டு மாதத்துக்குள். எல்லாம் புர்சாவின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஆனால் உங்கள் சம்பளம், அம்மாவின் சம்பளம், ஒருவேளை குடியிருக்கும் வீடும்கூட ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருக்கும்போது, சேமிப்பையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டால் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைத்ததாகிவிடும். தோட்ட நிறுவனங்களின் இலாபம் பெரும்பாலும் கச்சாப் பாமாயில் விலையைப் பொறுத்தது. 2008 மார்ச்சில் டன்னுக்கு 4,000 ரிங்கிட்டைத் தாண்டியிருந்த விலை அதே ஆண்டு அக்டோபரில் 1,500 ரிங்கிட் அளவுக்கு இறங்கியது. 2022இல் 7,000 ரிங்கிட்டுக்கு மேல் போனது, சில மாதங்களிலேயே 4,000க்குக் கீழே வந்தது. அப்படி இறங்கும் காலத்தில்தான் மிகைநேர வேலையும் குறையும், போனஸும் குறையும், பங்கின் விலையும் சரியும். மூன்றும் சேர்ந்து ஒரு வீட்டைத் தாக்கக் கூடாது. தோட்ட நிறுவனம் ஒன்று வேண்டுமென்றால் உங்கள் முதலாளி அல்லாத வேறொன்றைச் சிறு பங்காக வைத்துக்கொண்டு, மீதியை வங்கி, மின்சாரம், நுகர்பொருள் போன்ற வேறு துறைகளில் போடுவதே என் ஆலோசனை. தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கத் தயக்கமாக இருந்தால், 30 பெரிய நிறுவனங்களைக் கொண்ட கே.எல்.சி.ஐ. என்ற பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இ.டி.எஃப். எனும் முதலீட்டு நிதி ஒன்றும் பங்கைப் போலவே சந்தையில் விற்கப்படுகிறது. அதன் வர்த்தகம் மெதுவானது என்பதால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளியைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். உங்கள் முதலாளியோ அதன் தாய் நிறுவனமோ பட்டியலிடப்பட்டதாக இருந்தால், வேலையின் வழியாக உங்களுக்குத் தெரியவரும், இன்னும் வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கக்கூடிய தகவலை வைத்து அதன் பங்கை வாங்கவோ விற்கவோ கூடாது. தம்பியிடமோ நண்பரிடமோ சொல்லவும் கூடாது. ஓர் ஆலையின் அன்றாடக் கணக்கு அந்த அளவுக்குப் போகாது என்றாலும், நிலம் விற்கப்படுவது, ஆலை மூடப்படுவது போன்ற செய்தி காலாண்டு அறிவிப்புக்கு முன்னால் அலுவலகத்தில் காதில் விழக்கூடும். 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் கீழ் இது குற்றம். 10 ஆண்டு வரை சிறையும் 10 இலட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். சொந்த முதலாளியின் பங்கைத் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இலாப ஈவைப் பற்றிப் புதியவர்கள் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறுவனம் பங்குக்கு 10 காசு அறிவித்திருக்கிறது என்று கேள்விப்பட்டு அவசரமாக வாங்குவார்கள். ஈவு நீங்கிய நாள் என்று ஒரு தேதி குறிக்கப்படும். அதற்கு முந்தைய வர்த்தக நாளுக்குள் வாங்கியவருக்குத்தான் ஈவு, அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியவருக்கு இல்லை. அந்த நாளில் பங்கின் விலையும் பொதுவாக ஏறக்குறைய அதே 10 காசு இறங்கித் தொடங்கும். ஆகவே ஈவுக்காக ஒரு நாள் முன்னால் வாங்குவதில் தனி ஆதாயம் இல்லை. ஆண்டுதோறும் தடையின்றி ஈவு கொடுத்துவரும் நிறுவனமா, அந்த ஈவு இலாபத்திலிருந்து வருகிறதா, கடன் வாங்கிக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். வரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: 2025 வரி மதிப்பீட்டு ஆண்டு முதல் தனிநபரின் ஆண்டு ஈவு வருமானம் 1 இலட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான், தாண்டிய தொகைக்கு 2 விழுக்காடு வரி.

பதில்: சட்ட அலுவலக எழுத்தர், கோலகங்சார்

வணக்கம். மற்றவர்கள் தொடாத இரண்டு விஷயங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதலாவது தம்பியின் டெலிகிராம் குழு. அந்த 2,000 ரிங்கிட்டை அனுப்ப வேண்டாம். மலேசியாவில் பிறருக்காகப் பங்கு வாங்கி விற்பதற்கும், முதலீட்டு ஆலோசனை சொல்வதற்கும், பிறர் பணத்தை நிர்வகிப்பதற்கும் 1993இல் அமைக்கப்பட்ட பத்திர ஆணையத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பதிவேடும், உரிமமின்றி இயங்குவோரைப் பற்றிய எச்சரிக்கைப் பட்டியலும் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளன. எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பதும் நற்சான்று ஆகாது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். ஏமாற்றுக்காரர்கள் உண்மையான தரகு நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு குழு நடத்துவதும் உண்டு என்பதால், அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள். பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். முறையான தரகர், நிறுவனத்தின் பெயரில் உள்ள வாடிக்கையாளர் கணக்கில்தான் பணம் பெறுவார். தனிநபர் பெயரிலோ தொடர்பே இல்லாத ஒரு வியாபாரப் பெயரிலோ உள்ள கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தம்பி ஏற்கெனவே ஏதாவது அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் வங்கியையும், தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண்ணையும் அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு.

உரிமம் பெற்ற தரகரே நொடித்துப்போனாலோ வாடிக்கையாளர் பணத்தைக் கையாடினாலோ, மூலதனச் சந்தை இழப்பீட்டு நிதியிலிருந்து ஒருவருக்கு 1 இலட்சம் ரிங்கிட் வரை கோரலாம். பங்கின் விலை இறங்குவதற்கு அந்த நிதி பொறுப்பில்லை. வங்கி வைப்புத்தொகைக்கு உள்ள பி.ஐ.டி.எம். (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) பாதுகாப்பும் பங்குக்குக் கிடையாது.

இரண்டாவது அப்பாவின் சான்றிதழ். அவருடைய வருத்தம் நியாயமானது, அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அவர் வாங்கியது பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்காக இருந்தால், அதற்கும் நீங்கள் இப்போது வாங்கப்போவதற்கும் உள்ள வேறுபாட்டை அவரிடம் எடுத்துச் சொல்லலாம். பட்டியலிடப்படாத பங்குக்கு அன்றாட விலை கிடையாது. விற்க நினைத்தால் வாங்குபவரை நாமே தேட வேண்டும். பட்டியலிட்ட நிறுவனம் காலாண்டுக் கணக்கை வெளியிட்டே தீர வேண்டும். நிதிநிலை மோசமானால் பி.என். 17 என்ற பிரிவில் போடப்பட்டு, அது எல்லோருக்கும் அறிவிக்கப்படும். விலை விழக்கூடும், ஆனால் விற்று வெளியேறும் வாசல் பொதுவாகத் திறந்திருக்கும்.

கூட்டுறவுப் பங்கு இன்னொரு வகை. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி (அன்றைய மலாயா நாணயம்) வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கை வாங்கினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. ரப்பர் தோட்டமான பால்மரக் காட்டில் வேலை செய்தவர்கள் சேர்ந்து தோட்டத்துக்கு உரிமையாளர்களான அந்த வரலாற்றை மதிக்கிறவன் நான். கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே வாக்கு, பங்கின் விலையும் சந்தையில் ஏறி இறங்குவதில்லை. நிறுவனப் பங்கில் பங்குக்கு ஒரு வாக்கு, விலையை நிர்ணயிப்பது சந்தை. அப்பாவிடம் கூட்டுறவுப் பங்கும் இருந்தால் அதை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அந்தச் சான்றிதழைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதில் உள்ள நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் வைத்து, நிறுவனம் இப்போது என்ன நிலையில் உள்ளது என்பதை எஸ்.எஸ்.எம். எனப்படும் நிறுவன ஆணையத்தில் தேடிப் பார்க்கலாம். ஒருவேளை அது அந்தக் காலத்தில் பட்டியலிடப்பட்டிருந்த நிறுவனமாக இருந்தால், காகிதச் சான்றிதழ்களை மைய வைப்பகத்தில் ஒப்படைக்க 1998இல் கெடு விதிக்கப்பட்டது. ஒப்படைக்கப்படாத பங்குகள் நிதியமைச்சரின் பெயருக்கு மாற்றப்பட்டன என்பதால், நிறுவனத்தின் பங்குப் பதிவாளரிடம் விசாரிக்க வேண்டும். கையில் வந்து சேராத ஈவுத்தொகை கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போயிருக்கலாம். தலைமைக் கணக்காளர் துறையின் இகூமிஸ் இணையதளத்தில் அப்பாவின் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடினால் தெரிந்துவிடும், கட்டணம் இல்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: ஆலைக் கிராணி, சுங்கை சிப்புட்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பியிடம் பேசிவிட்டேன், இன்னும் பணம் அனுப்பவில்லை, குழு கொடுத்திருந்தது ஒரு தனிநபரின் கணக்கு எண். செயலி நிறுவனத்தின் கட்டணத்தையும் ஈப்போ கிளையின் கட்டணத்தையும் கணக்காளர் அண்ணன் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். ஆண்டுக்கு மூன்று முறை வாங்கினால் வேறுபாடு எனக்குத் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது, எனவே என் பெயரிலேயே சி.டி.எஸ். கணக்கு திறக்க முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கில் அம்மாவை வாரிசாக நியமித்திருப்பதைப் போல இதிலும் நியமிக்கலாமா, அல்லது அம்மாவும் நானும் சேர்ந்து கூட்டுக் கணக்காகத் திறக்க வேண்டுமா?

பதில்: சட்ட அலுவலக எழுத்தர், கோலகங்சார்

சி.டி.எஸ். கணக்கைக் கூட்டாகத் திறக்க முடியாது. அது ஒருவர் பெயரில்தான் இருக்கும். இ.பி.எஃப்.பில் செய்யும் வாரிசு நியமனம் அந்தப் பணத்துக்கு மட்டுமே செல்லும், பங்குக்குச் செல்லாது. பங்குகள் யாருக்குப் போக வேண்டும் என்பதை உயிலில் எழுத வேண்டும். உயில் இல்லாவிட்டால் குடும்பத்தினர் சொத்து நிர்வாக ஆணை பெற்ற பிறகே அவற்றைத் தங்கள் பெயருக்கு மாற்ற முடியும், அதற்குக் காலமும் அலைச்சலும் ஆகும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உயில் என்பது தீபகற்ப மலேசியாவில் 18 வயது நிறைந்த எவரும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையொப்பமிட்டுச் செய்யக்கூடிய ஆவணம். அம்மாவுக்கு எழுதுவதாக இருந்தால் அம்மா சாட்சியாகக் கையொப்பமிடக் கூடாது. சாட்சிக்கு எழுதிய சொத்து செல்லாமல் போய்விடும். கணக்குத் திறந்த பிறகு சி.டி.எஸ். எண்ணையும் தரகு நிறுவனத்தின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, உயிலோடு சேர்த்து அப்பாவின் இரும்புப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.